போர்க்காலத்தில் கேள்வி கேட்பதை நிறுத்தாத உறுப்பினர்: எலினோர் ராத்போனும் காமன்ஸ் சபையும்

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்குச் சர்ச்சிலின் உரைகள்தாம் நினைவுக்கு வரும். நானும் அவற்றைப் படிக்கத்தான் சில மாதங்களுக்கு முன்பு, நாடாளுமன்ற விவாதங்களை அப்படியே பதிவுசெய்யும் ஹன்சார்ட் பதிவேட்டைத் திறந்தேன். படிக்கப் படிக்க, பெரிய உரைகளுக்கு முன்னால் வரும் கேள்வி நேரப் பக்கங்களில் ஒரு பெயர் விடாமல் எதிர்ப்பட்டது. எந்தத் துறை அமைச்சர் எழுந்து பதில் சொன்னாலும், அடுத்த வரியில் 'மிஸ் ராத்போன்' என்று ஒரு துணைக்கேள்வி நின்றுகொண்டிருந்தது. அவரைப் பற்றி விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எலினோர் ராத்போன் 1872இல் பிறந்தவர். லிவர்பூலின் வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். 1909இல் அந்நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. 1929 முதல் 1946 ஜனவரியில் இறக்கும்வரை ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் தொகுதி உறுப்பினராக, எந்தக் கட்சியையும் சாராமல் காமன்ஸ் சபையில் அமர்ந்திருந்தார். பட்டதாரிகள் அஞ்சல்வழி வாக்களித்து உறுப்பினரை அனுப்பும் அந்த வினோதமான தொகுதி பின்னாளில் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அவருக்குக் கொறடா இல்லை, கட்சித் தலைமை இல்லை, பதவி ஆசை காட்டி அடக்க வழியும் இல்லை என்ற நிலையை அத்தொகுதிதான் உண்டாக்கிக் கொடுத்தது.

நான் முதலில் எடுத்துக்கொள்வது 1940 ஜூலை 10ஆம் நாள் விவாதம். போர் தொடங்கியதும் பிரிட்டனில் இருந்த ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் 'எதிரி நாட்டவர்' என்று வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொருவராகத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டனர். ஏறத்தாழ 600 பேர் மட்டுமே ஐயத்துக்கு உரியவர்களாக முதல் வகுப்பில் வைக்கப்பட்டனர். 60,000க்கும் மேற்பட்டோர் தீங்கற்றவர்கள் என மூன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூத அகதிகள். 1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் மேற்கு நோக்கிப் பாய்ந்ததும், ஆராய்ந்து அளித்த அந்தத் தீர்ப்புகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அரசு அவர்களையும் பிடித்து அடைக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 27,000 பேர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். பின்னாளில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் பெரூட்ஸும் அவர்களில் ஒருவர்; கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி வந்தவரைப் பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

இந்தக் கொள்கையை எதிர்த்து ஜூலை 10ஆம் நாள் எழுந்தவர்களில் கன்சர்வேடிவ் கட்சியின் விக்டர் கேசலட், தொழிற்கட்சியின் ஜோசையா வெட்ஜ்வுட், கட்சி சாராத ராத்போன் ஆகியோர் முக்கியமானவர்கள். பிரான்ஸ் வீழ்ந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. பிரிட்டன் மீதான வான்போரின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பதும் அதே ஜூலை 10தான். நாடு படையெடுப்பை எதிர்நோக்கியிருந்த அந்த நாளில், எதிரி நாட்டில் பிறந்த மனிதர்களுக்கு நியாயம் கேட்டு ஒரு சபை மணிக்கணக்கில் விவாதித்தது என்பதே என்னைப் படிப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க வைத்தது.

வைகைக்கரை எழுதியது:

அருமையான தொடக்கம், நண்பரே. ஆனாலும் ஒரு மறுப்பை முன்வைக்க விரும்புகிறேன். நார்வேயில் நாஜிகளுக்குத் துணைபோன குவிஸ்லிங் செய்த துரோகம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஹாலந்து சில நாள்களில் வீழ்ந்ததற்கு உள்ளிருந்த ஐந்தாம்படையினரே காரணம் என்று அன்று பரவலாக நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை தவறு என்று இன்று நமக்குத் தெரியும். அன்று பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியாது. நூறு பேரில் ஒருவன் ஒற்றனாக இருந்தாலும் அவனால் நேரும் சேதத்தை எண்ணி, மற்ற 99 பேரையும் சில மாதம் அடைத்து வைப்பதை ஒரு போர்க்கால அரசின் தவறாகக் கருத முடியுமா? அமைச்சர்களும் அதிகாரிகளும் இரவு பகலாகப் போரை நடத்திக்கொண்டிருந்தபோது, அவர்களை நாள்தோறும் கேள்வி கேட்டு விளக்கம் தேட வைப்பது உதவியா, இடையூறா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நியாயமான கேள்வி. ராத்போனும் அதை நியாயமானதாகவே எடுத்துக்கொண்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் போரை எதிர்த்தவர் அல்லர். ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரதமர் சேம்பர்லெயினின் கொள்கையை, மியூனிக் உடன்பாட்டுக்கு மிக முன்பிருந்தே கடுமையாக எதிர்த்து வந்தவர். காவல் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆராய்ந்து பிரித்த பிறகும் பிரிக்காதது போல நடத்துவது ஏன் என்பதே அவருடைய கேள்வி.

அந்த விவாதத்துக்கு எட்டு நாள் முன்புதான், ஜூலை 2ஆம் நாள், கனடாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற 'அரண்டோரா ஸ்டார்' கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் இருந்தவர்கள் நாஜிகளும் பாசிஸ்டுகளுமே என்று அரசு முதலில் சொன்னது. பெயர்ப் பட்டியலைத் துருவியபோது, லண்டனில் வாழ்ந்து முசோலினியை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வந்த டெச்சியோ அன்சானி போன்றோரும் கடலில் மடிந்திருந்தது தெரிந்தது. அந்தப் படிப்பினைக்குப் பிறகும் ஜூலை 10ஆம் நாளே, விவாதம் நடந்த அதே நாளில், 'டுனேரா' என்ற கப்பல் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. சுமார் 2,500 பேரை நெருக்கியடைத்திருந்த அந்தக் கப்பலில், காவலர்களே கைதிகளின் உடைமைகளைப் பறித்தார்கள். அது பின்னர் இராணுவ நீதிமன்றம்வரை போயிற்று. நண்பர் வைகைக்கரை கேட்ட 'சில மாதக் காவல்' என்பது நடைமுறையில் இப்படித்தான் இருந்தது.

இடையூறா என்ற கேள்விக்கு வருகிறேன். முகாம்களை நடத்தியது போர்த்துறை. யாரைப் பிடிப்பது, யாரை விடுவிப்பது என்று முடிவு செய்தது உள்துறை. உள்ளே இருப்பவருக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று மனைவி முறையிட்டால், இந்தத் துறை அந்தத் துறையைக் கைகாட்டும். அந்தத் துறை இந்தத் துறையைக் கைகாட்டும். அமைச்சர்களே அறியாத இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவை சபையில் எழுப்பப்பட்ட கேள்விகளே. ஜூலை முடிவதற்குள் விடுதலைக்கு உரியவர்களின் வகைகளைப் பட்டியலிட்டு அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. முகாம் நிர்வாகமும் உள்துறையின் கைக்கு மாறியது. ஆகஸ்ட் 22ஆம் நாள் மீண்டும் விவாதம் வந்தபோது, வருந்தத்தக்க செயல்கள் நடந்தன என்பதை மறுக்கவில்லை என்று உள்துறை அமைச்சர் ஜான் ஆண்டர்சனே சபையில் ஒப்புக்கொண்டார். இவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வங்காளத்தின் ஆளுநராக இருந்தவர். விசாரணையின்றி அடைத்து வைக்கும் ஆட்சிமுறை அவருக்குப் புதிதன்று. அப்படிப்பட்டவரையே பதில் சொல்ல வைத்தது அந்தச் சபை.

ராத்போன் வெறும் காகிதங்களை வைத்துப் பேசவும் இல்லை. தம் சொந்த ஊரான லிவர்பூலை அடுத்த ஹைட்டன் முகாமுக்கு நேரில் சென்றார். கட்டி முடிக்கப்படாத குடியிருப்பு வீடுகளிலும் கூடாரங்களிலும் அங்கே அகதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களிடையே நின்று பேசி, நீங்கள் மறக்கப்படவில்லை என்று உறுதி சொன்னார்.

ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி ஏட்டுச்சுவடி எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். கேள்வி நேரம் எப்படி இயங்கியது என்பதை இளையவர்களுக்காகச் சற்று விளக்கலாம். அக்காலத்தில் வாய்மொழி பதிலுக்கான கேள்விகளை ஓர் உறுப்பினர் நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. அமைச்சர் எழுதி எடுத்து வந்த பதிலைப் படிப்பார். அதற்குப் பிறகு வரும் துணைக்கேள்விக்கு எழுதி வைத்த பதில் கிடையாது. அங்கேதான் அமைச்சருக்கு உண்மையில் விவரம் தெரியுமா என்பது வெளிப்படும். ராத்போனின் திறமை முழுவதும் அந்த இடத்தில்தான் இருந்தது. கேட்பதற்கு முன்பே அவர் கையில் கடிதங்கள் இருக்கும், எண்ணிக்கை இருக்கும், போன வாரம் அதே அமைச்சர் சொன்ன வாக்கியம் இருக்கும்.

அவரோடு சபையில் இருந்த ஹெரால்ட் நிக்கல்சன் எழுதிய ஒரு சித்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கையில் குடும்ப உதவித்தொகை பற்றிய காகிதங்கள் நிறைந்த கனத்த பை, மறுகையில் அகதிகள் பற்றிய காகிதங்கள் அடங்கிய அதைவிடக் கனத்த பை, இரண்டையும் இழுத்தபடி அவர் நாடாளுமன்றக் கூடத்தில் நடந்து வருவாராம். தட்டிக்கழித்த அமைச்சர்கள் அந்தக் கண்களைக் கண்டு நடுங்குவார்களாம். அந்த இரண்டு பைகளே அவருடைய போர்க்காலப் பணி முழுவதும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த இரண்டாவது பையில்தான் எனக்கு மனத்தாங்கல். 1940இல் அவர் வென்றார் என்பது சரி. அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த கோடைக்குள் வெளியே வந்துவிட்டனர். 1943இல் என்ன நடந்தது? பதவியும் கட்சியும் இல்லாதவர் என்பதே அவருடைய பலம் என்றீர்கள். அதுவே அவருடைய பலவீனமாகவும் இருக்கவில்லையா? அத்தனை உரைகளும் ஓர் உயிரைக் காப்பாற்றினவா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது இந்த இழையின் மிக வலியான பகுதி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1942 டிசம்பர் 17ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன், ஐரோப்பாவின் யூதர்களை ஜெர்மனி திட்டமிட்டுக் கொன்றுவருகிறது என்ற நேச நாடுகளின் அறிக்கையைக் காமன்ஸ் சபையில் படித்தார். குண்டுவீச்சில் தம் மன்றம் 1941 மே மாதம் அழிந்துபோனதால், பிரபுக்கள் சபையின் கூடத்தில்தான் உறுப்பினர்கள் அப்போது கூடிவந்தார்கள். அறிக்கையைக் கேட்டு முடித்ததும் சபை முழுவதும் எழுந்து மௌனமாக நின்றது. கொலையாளிகள் தண்டிக்கப்படுவார்கள் என்ற உறுதி அந்த அறிக்கையில் இருந்தது. இன்னும் உயிரோடு இருப்பவர்களை மீட்க ஒரு வரிகூட இல்லை. ராத்போன் பற்றிக்கொண்டது அந்த இல்லாத வரியைத்தான்.

1943 மார்ச்சில் நாஜி கொடுமையிலிருந்து மீட்பதற்கான தேசியக் குழு அமைந்தபோது அதன் உயிராக இருந்தவர் அவரே. அக்குழுவின் 12 அம்சத் திட்டத்தில் நடைமுறைக்கு ஒவ்வாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனுக்குள் நுழையும் விசா விதியைத் தளர்த்துங்கள். எல்லை தாண்டி வருபவர்களை ஏற்றுக்கொள்ளுமாறு ஸ்பெயின், சுவிட்சர்லாந்து போன்ற நடுநிலை நாடுகளைக் கேட்பதோடு, போருக்குப் பின் அவர்களைப் பொறுப்பேற்போம் என்று அந்நாடுகளுக்கு வாக்குறுதி கொடுங்கள். இதற்கென்றே தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்துங்கள். கேட்டவை இவை போன்றவைதாம்.

ஏப்ரல் 19ஆம் நாள் பிரிட்டனும் அமெரிக்காவும் பெர்முடா தீவில் அகதிகள் பற்றிய மாநாட்டைத் தொடங்கின. போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதியில் எஞ்சியிருந்தவர்கள் ஆயுதமேந்திய நாளும் அதுவே. மாநாடு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் கலைந்தது. மே மாதம் 12ஆம் நாள் வாக்கில், லண்டனில் இருந்த போலந்து தேசிய மன்றத்தின் யூத உறுப்பினர் ஷ்முல் சிகெல்போய்ம், உலகின் அலட்சியத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு ஒரு வாரம் கழித்து, மே 19ஆம் நாள், பெர்முடா பற்றிக் காமன்ஸ் சபை விவாதித்தது. உள்துறையின் துணை அமைச்சர் ஆஸ்பர்ட் பீக், ஹிட்லரின் பிடியில் இருப்போருக்கு இப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு, வெற்றியே உண்மையான தீர்வு என்ற கருத்தில் பேசினார். மறுமொழி சொல்ல எழுந்தவர் ராத்போன். வெற்றி வரும் நாளில் மீட்பதற்கு யார் மிஞ்சியிருப்பார்கள் என்ற கேள்வியைத்தான் அவர் அந்த ஆண்டு முழுவதும் எல்லா மேடைகளிலும் வைத்துக்கொண்டிருந்தார்.

அரசுத் தரப்பின் காரணங்களில் என்னை மிகவும் உறுத்தியது, அகதிகளை மேலும் அனுமதித்தால் உள்நாட்டில் யூத வெறுப்பு வளரும் என்று உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் அஞ்சியதுதான். இதற்கு ராத்போன் தரப்பின் பதில் வெறும் உணர்ச்சியன்று. மக்களின் கருத்தைக் கணித்துப் பார்த்தபோது, ஆபத்தில் உள்ள யூதர்களை அனுமதிக்கலாம் என்று 100க்கு 78 பேர் சொன்னார்கள். அந்த எண்ணைத் தாங்கிய அவருடைய சிறு வெளியீட்டில் அரசின் மறுப்புகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு ஒவ்வொன்றாகப் பதிலளிக்கப்பட்டிருக்கின்றன. மக்கள் ஆயத்தமாக இருந்தபோது, மக்களின் பெயரால் கதவு மூடப்பட்டது.

உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா என்று கேட்டீர்கள். மிகச் சில. தோல்வி என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கேள்வியின் தோல்வியா, பதிலின் தோல்வியா? 1940இல் அவர் கேட்டது அரசு தன் கையாலேயே போட்ட பூட்டைத் திறக்கச் சொல்லி. எதிரியைத் தாண்டாமலே அதைத் திறக்க முடிந்தது. 1943இல் கேட்டது போர்க்கள மறுபுறத்தில் இருந்தவர்களை. அங்கே அரசுக்குச் சாக்குச் சொல்ல எப்போதும் இடம் இருந்தது. ஆனாலும் அவர் குழு கேட்டது போன்ற ஒரு தனி அமைப்பை அமெரிக்கா 1944 ஜனவரியில் ஏற்படுத்தியது என்பதையும், ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஸ்வீடன் தூதரக அதிகாரி ரவுல் வாலன்பெர்க் செய்த யூதர் மீட்புப் பணிக்கு அந்த அமைப்பின் பணம் உதவியது என்பதையும் பார்க்கும்போது, ராத்போன் கேட்டது நடக்காத காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டன் அப்படி ஒன்றை ஏற்படுத்தவே இல்லை.

நெய்தல் எழுதியது:

முழுவதையும் படித்தேன், சகோதரரே. ராத்போன் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இந்தியர்களாகிய நாம் இவரைப் பற்றிப் பேசும்போது 1941ஐத் தாண்டிச் செல்ல முடியாது. போரில் பிரிட்டனுக்கு ஒத்துழைக்க மறுத்த இந்தியத் தலைவர்களைக் குறைகூறி அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். அதற்கு அந்த ஆண்டு ஜூன் மாதம் பதில் எழுதியவர், நோய்ப் படுக்கையில் கிடந்த தாகூர். இரண்டு மாதங்களில் இறந்துவிட்டார். அவருடைய கடைசிப் பொது அறிக்கைகளில் அதுவும் ஒன்று.

பிரிட்டிஷார் தந்த கல்விக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களே, இந்தியக் கிராமங்களில் பள்ளிகளைவிடக் கிணறுகள் அரிது, சில துளிக் குடிநீருக்காகப் பெண்கள் சேற்றைத் தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன் என்று தாகூர் எழுதினார். இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1932இல் நேரில் வந்து இந்தியாவைப் பார்த்தவர், இந்தியச் சிறுமிகளின் குழந்தைமணத்தை எதிர்த்து 1934இல் ஒரு நூலே எழுதியவர் ராத்போன்; அந்தச் சேற்றை மட்டும் ஏன் பார்க்கவில்லை? விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஜெர்மானிய அகதிக்காக எழுந்தவருக்கு, போருக்கு எதிராகப் பேசியதற்காகவே சிறையிலிருந்த இந்தியர்களின் வாதம் ஏன் காதில் விழவில்லை?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சகோதரி, இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

அவரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு இதைச் சொல்லவில்லை. ஹிட்லரை வீழ்த்துவது ஒன்றே எல்லாவற்றுக்கும் மேலான கடமை என்று அவர் 1930களிலிருந்தே நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரை மியூனிக்கை எதிர்க்கச் செய்தது, அகதிகளுக்காக ஓட வைத்தது. அதே நம்பிக்கைதான், 'எங்களுக்கு விடுதலை இல்லாமல் யாருடைய விடுதலைக்காகப் போரிடுவது?' என்ற இந்தியக் கேள்வியை அவருக்கு நன்றிகெட்ட பேச்சாகக் காட்டியது. அகதியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சரைக் கேட்டவருக்கு, இந்தியா பற்றி அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அங்கே அவர் ஆட்சி செய்யும் நாட்டின் பெண்மணியாகவே பேசினார். தாகூரின் பதிலை அவருடைய உரைகளின் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். 1943 நவம்பரில் வங்கப் பஞ்சம் பற்றிக் காமன்ஸ் சபை நடத்திய விவாதம் தனி இழைக்கு உரியது. நீங்களே தொடங்கினால் நான் தொடர்ந்து வருகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

என் முதல் மறுப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போர்த்துறையும் உள்துறையும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்த விவரம் எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் கேள்வி கேட்டவர் அரசுக்கு உதவியே செய்திருக்கிறார். மறுபாதி என்னிடமே இருக்கட்டும். 1940 மே மாதத்து முதல் இரண்டு வாரங்களில் அமைச்சர் நாற்காலியில் நான் இருந்திருந்தால், நானும் பிடிக்கத்தான் சொல்லியிருப்பேன் என்று அஞ்சுகிறேன்.

ஓய்வாசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். முதல் பையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே?

ஓய்வாசிரியர் எழுதியது:

எழுதுகிறேன், தம்பி. அது அவர் வென்ற பை.

குழந்தைகளை வளர்க்கும் தாயின் கையில் அரசு நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர் 1924இலேயே நூல் எழுதி வாதாடினார். பொருளியல் அறிஞர் வில்லியம் பெவரிட்ஜின் மனத்தை மாற்றியதும் அந்த நூல்தான்; சமூகப் பாதுகாப்பு பற்றி 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, குழந்தைகளுக்கான உதவித்தொகை இருக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டே தன் திட்டத்தை வகுத்தது. போர் முடியும் தறுவாயில், 1945இல், மசோதா சபைக்கு வந்தது. பெவரிட்ஜ் கேட்ட எட்டு ஷில்லிங் ஐந்தாகக் குறைந்திருந்தது. முதல் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது குழந்தையிலிருந்துதான் தொகை. இவற்றையெல்லாம்கூட ராத்போன் பொறுத்துக்கொண்டார். ஆனால் மசோதாவின்படி அந்தப் பணம் தந்தைக்கு உரியது.

மார்ச் 8ஆம் நாள் இரண்டாம் வாசிப்பின்போது, வாழ்நாள் முழுவதும் தாம் உழைத்துக் கொண்டுவந்த சட்டத்தை, இந்த ஒரு விதி மாறாவிட்டால் தாமே ஆதரித்து வாக்களிக்க இயலாது என்று அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 72. கொறடாவின் கட்டளையின்றி உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்க அரசு இணங்கியது. பணம் தாய்க்கு உரியது என்று விதி மாறியது. ஜூன் 15ஆம் நாள் மன்னரின் ஒப்புதல் கிடைத்தது.

ராத்போன் 1946 ஜனவரி 2ஆம் நாள் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தாய்மார்கள் அஞ்சலகங்களில் வரிசையில் நின்று, தம் பெயரில் எழுதப்பட்ட புத்தகத்தைக் காட்டி, முதல் ஐந்து ஷில்லிங்கை வாங்கிக்கொண்டார்கள்.